கண்ணின் வேகமும் கருத்தின் வேகமும்

விரைந்து படிக்கக் கற்பிப்பதாகக் கூறும் நூல்கள் ஆங்கிலத்தில் மலிந்து கிடக்கின்றன. அவற்றையொட்டிப் பயிற்சி வகுப்புகளும், அண்மைக் காலத்தில் கைப்பேசிச் செயலிகளும் தோன்றியுள்ளன. அவை யாவும் தரும் வாக்குறுதி ஒன்றே: நிமிடத்திற்கு 250 சொற்கள் படிப்பவர் சில வாரப் பயிற்சியால் 1,000 சொற்களுக்கு மேல் படிக்கலாம், பொருளுணர்வும் குன்றாது. இவ்வாக்குறுதியின் முற்பகுதியோடு நமக்கு வழக்கில்லை. ஒரு பக்கத்தின்மேல் கண்ணை எவ்வளவு விரைவாகவும் ஓட்டலாம். பிற்பகுதியே ஆராயத் தக்கது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தேர்வுத் தாளில் கருத்துணர் பகுதியை முடிக்க நேரம் போதவில்லை என்று மாணவர் முறையிடும்போதெல்லாம், இம்முறைகளைத் தமிழுக்கும் கொண்டுவந்தால் என்ன என்னும் எண்ணம் ஆசிரியரிடையேயும் பெற்றோரிடையேயும் எழுகின்றது. எழுவது இயல்பே. ஆயினும் கடைத்தெருவில் சரக்கு வாங்குவோர் கூடக் கையிலெடுத்துப் பார்த்த பின்னரே விலை பேசுகின்றனர். நாமும் பார்ப்போம்.

இக்கலைக்கு இன்றுள்ள வடிவத்தைத் தந்தவர் எவலின் உட் (1909–1995) என்னும் அமெரிக்க அம்மையார். யூட்டா மாநிலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். தம் பேராசிரியர் ஒருவர் 80 பக்கக் கட்டுரை ஒன்றைப் பத்து நிமிடத்திற்குள் படித்து, அதன் நிறைகுறைகளையும் எடுத்துரைத்தது கண்டு தாம் வியந்ததாகவும், பின்னர் ஒரு நாள் நூலின்மேல் படிந்த மண்ணைக் கையால் துடைக்கும்போது அக்கையைப் பின்பற்றித் தம் கண் பக்கத்தில் விரைந்து ஓடியதை உணர்ந்ததாகவும் அவரே கூறி வந்தார். 1959-ல் வாஷிங்டன் நகரில் பயிற்சி நிலையம் தொடங்கினார். குடியரசுத் தலைவர்களான கென்னடி, நிக்சன் ஆகியோரின் அலுவலர்கள் அவர் முறையைப் பயின்றனர். 1977-ல் குடியரசுத் தலைவர் கார்ட்டர் தாமே பயின்றார். இத்தகைய மாணவர்கள் வாய்த்த பின் விளம்பரத்திற்குப் பஞ்சம் ஏது? வாசிப்புத் திறன் மும்மடங்கு ஆகாவிடில் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் அறிவித்தனர்.

அம்மையாரின் முறையிலும் அதன் வழிவந்த பிற முறைகளிலும் அடிப்படை விதிகள் மூன்று. கையை வழிகாட்டியாகக் கொண்டு பக்கத்தின் மேலிருந்து கீழாகக் கண்ணைச் செலுத்திப் பல சொற்களை ஒரே பார்வையில் கவர வேண்டும் என்பது ஒன்று. படித்த இடத்திற்குத் திரும்பிச் செல்லலாகாது என்பது மற்றொன்று. மனத்திற்குள் எழும் வாசிப்புக் குரலை அடக்க வேண்டும் என்பது மூன்றாவது. கேட்பதற்கு மூன்றும் நேர்த்தியாகவே உள்ளன. மூன்றும் ஒரே கருத்தின்மேல் நிற்கின்றன: மூளை விரைவாகப் பொருள் கொள்ள ஆயத்தமாக இருக்கின்றது, கண்ணும் நாவும் செய்யும் கெட்ட பழக்கங்களே அதனைத் தடுக்கின்றன என்பது அக்கருத்து.

கண் எவ்வாறு படிக்கின்றது என்பது இன்று நன்கு தெரிந்த செய்தி. கண் வரியின்மேல் ஆற்றுநீர் போல வழிந்தோடுவதில்லை. தத்தித் தத்திச் செல்கின்றது. பிரெஞ்சு நாட்டுக் கண் மருத்துவர் எமில் ஜவால் 1870-களின் இறுதியிலேயே இதனை எடுத்துரைத்தார். ஓரிடத்தில் ஏறத்தாழ நொடியின் கால்பங்கு தங்கும். பிறகு ஆங்கில எழுத்துகளில் ஏழெட்டு எழுத்துத் தொலைவு பாயும். பாயும் பொழுதில் எதனையும் தெளிவாகக் காண்பதில்லை. தங்கும் இடத்திலும் கூர்மையான பார்வை மிகக் குறுகியது. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பிடித்தால் அவ்விரலின் அகலம் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே நம் கூர்நோக்கின் பரப்பு. அதற்கு வெளியே உள்ள சொற்கள் மங்கலாகத் தெரியும். சொல்லின் நீளத்தையும் முதலெழுத்துகளையும் ஊகிக்கலாமே தவிர, சொல்லை அறிந்துகொள்ள இயலாது.

இனிக் கணக்கு எளிது. நொடிக்கு நான்கு தங்கல் என்றால் நிமிடத்திற்கு 240 தங்கல். ஒவ்வொரு தங்கலிலும் ஒரு சொல், சிறு சொற்களாயின் சற்றுக் கூடுதலாக. ஆகவே ஆங்கிலத்தில் பயிற்சியுள்ள வாசகர் நிமிடத்திற்கு 200 முதல் 400 சொற்கள் வரை படிக்கின்றார். 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் மார்க் பிரிஸ்பெர்ட் என்னும் பெல்ஜிய உளநூல் அறிஞர் கண்ட சராசரி, கட்டுரை நூல்களில் 238, கதைகளில் 260. நிமிடத்திற்கு 1,000 சொல் என்றால் ஒவ்வொரு தங்கலிலும் நான்கு சொற்களுக்கு மேல் விழுங்க வேண்டும். கண்ணின் அமைப்பே அதற்கு இடந்தரவில்லை. எஞ்சிய மூன்று சொற்கள் என்ன ஆயின? அவற்றைக் கண் பார்க்கவில்லை. வாசகர் தம் பொது அறிவைக் கொண்டு இட்டு நிரப்பிக்கொண்டார்.

அப்படியானால் பயிற்சி பெற்றோர் திறன் மும்மடங்கு ஆனதாக எண்களைக் காட்டினார்களே, அது எப்படி? இங்கேதான் இக்கலையின் சூட்சுமம் இருக்கின்றது. வேகத்தைப் பொருளுணர்வு மதிப்பெண்ணால் பெருக்கி வருவதையே அவர்கள் ‘திறன்’ என்றனர். ஒருவர் 250 சொல் வேகத்தில் 80 விழுக்காடு விடை எழுதினால் அவர் திறன் 200. பயிற்சிக்குப் பின் 1,000 சொல் வேகத்தில் 50 விழுக்காடு எழுதினால் திறன் 500. பொருளுணர்வு 80-இலிருந்து 50-க்குச் சரிந்த மாணவரை இரண்டரை மடங்கு முன்னேறியவர் என்று இப்பெருக்கல் பாராட்டுகின்றது! நம் வகுப்பில் எந்த ஆசிரியரேனும் இப்படி மதிப்பெண் இட்டால் தலைமையாசிரியர் வாளா இருப்பாரா?

அந்த 50 விழுக்காடேனும் படித்ததனால் வந்ததா என்பது அடுத்த கேள்வி. ரொனால்டு கார்வர் என்னும் அமெரிக்க அறிஞர், விரைவு வாசிப்பாளரைச் சோதிக்கப் பயன்பட்ட வினாக்களை, அப்பகுதியைப் படித்தே இராதவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் பாதிக்கு மேற்பட்ட வினாக்களுக்குச் சரியான விடை தந்தனர். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் உலக அறிவும் சிறிது ஊகமும் இருந்தால் போதும் என்பது தேர்வுத்தாள் அமைப்போர் யாவரும் அறிந்ததே.

இதனினும் கூரிய சோதனை ஒன்றை 1963-ல் யூஜீன் எர்லிக் வெளியிட்டார். தொடர்பற்ற இரு நூல்களிலிருந்து ஒரு வரி இதிலும் ஒரு வரி அதிலுமாக மாற்றி மாற்றி அச்சிட்டு, பயிற்சி பெற்ற விரைவு வாசிப்பாளரிடம் கொடுத்தார். படித்து முடித்து, நன்கு விளங்கியதாகவும் அவர்கள் கூறினர். இரண்டு நூல்கள் கலந்திருப்பதை ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அரிசியும் உமியும் கலந்து பொங்கிய சோற்றை உண்டு சுவை நன்று என்றவர் போலாயினர் அவர்கள். சொற்கள் கண்முன் ஓடிய உணர்வை விளங்கிய உணர்வென்று அவர்கள் உண்மையாகவே நம்பினர், பொய் சொல்லவில்லை. இம்முறையின் ஆபத்து அதுதான். மெதுவாகப் படித்து விளங்காத மாணவன் தனக்கு விளங்கவில்லை என்பதையாவது அறிவான்.

1980-களில் மார்சல் ஜஸ்ட், பட்ரீசியா கார்பென்டர் ஆகிய இருவரும் இன்னும் நியாயமான ஒப்பீடு ஒன்று செய்தனர். விரைவு வாசிப்புப் பயின்றோர் ஒரு குழு. இயல்பாகப் படிப்போர் ஒரு குழு. பயிற்சி ஏதுமின்றி, மேலோட்டமாகப் பார்க்கும்படி சொல்லப்பட்டோர் மற்றொரு குழு. எளிய கட்டுரையின் பொதுக்கருத்தைச் சொல்வதில் பயின்றோர், மேலோட்டமாகப் பார்த்தோரைவிடச் சற்றே மேம்பட்டனர். நுட்பமான செய்திகளிலும் கடினமான கட்டுரையிலும் அம்மேம்பாடு மறைந்தது. இயல்பாகப் படித்தோர் இரு சாராரையும் விஞ்சினர். ஆகவே விரைவு வாசிப்பு என்பது மேலோட்டத்திற்குச் சூட்டிய பட்டப்பெயர் என்று சொன்னால் குற்றமாகாது. 1998-ல் அமெரிக்க நடுவண் வணிக ஆணையமும், தொலைக்காட்சியில் விற்கப்பட்ட இத்தகைய பயிற்சி ஒன்றின் விளம்பரக் கூற்றுகள் ஆதாரமற்றவை என்று நடவடிக்கை எடுத்தது.

இரண்டாம் விதியாகிய திரும்பிப் பாராமையை எடுத்துக்கொள்வோம். நல்ல வாசகரின் கண்ணும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பாய்ச்சல்களில் பின்னோக்கிச் செல்கின்றது. இது சோம்பலால் நேர்வதன்று. முன்னர்க் கொண்ட பொருள் பின்வரும் சொல்லால் பிழைபடும்போது கண் திரும்பிச் சென்று திருத்திக்கொள்கின்றது. ஒவ்வொரு சொல்லாகத் திரையின் நடுவில் மின்னி மறையச் செய்யும் செயலிகள் 2014-ல் பெரும் பரபரப்போடு வந்தன. அதே ஆண்டில் எலிசபெத் ஷாட்டர், கீத் ரேனர் முதலியோர், திரும்பிப் பார்க்க முடியாதபடி கடந்த சொற்களை மறைத்துச் சோதித்தனர். பொருளுணர்வு குறைந்தது. தமிழ் வாசகர்க்கு இதில் வியப்பில்லை. நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் நிற்கின்றது. நீண்ட வாக்கியத்தில் எழுவாய் எது, எச்சம் எந்த வினைக்கு உரியது என்பது முற்று வந்த பின்னரே உறுதிப்படும். அவ்வேளையில் கண் பின்செல்வதைக் கெட்ட பழக்கம் என்று தடுப்பது, கொண்டுகூட்டிப் பொருள் கொள்ளும் மரபையே தடுப்பதாகும்.

மூன்றாம் விதி உட்குரலை அடக்குவது. மௌனமாகப் படிக்கும்போதும் குரல்வளைத் தசைகளில் மெல்லிய அசைவு உண்டு. 1960-களில் ஹார்டிக், பெட்ரினோவிச் என்போர் அத்தசைகளின் மின்துடிப்பை அளந்து, அசைவு மிகும்போதெல்லாம் ஒலி எழுப்பி மாணவரை அசைவின்றிப் படிக்கப் பழக்கினர். எளிய பகுதியைப் படிப்பதில் கேடொன்றும் நேரவில்லை. கடினமான பகுதியிலோ பொருளுணர்வு குன்றியது. கடினமானதை மனம் தனக்குத் தானே ஓதிக் காட்டி வைத்துக்கொள்கின்றது. செவி வழியே இலக்கியம் வளர்த்த நம் மரபில் இதற்கு விளக்கமும் தேவையில்லை. வெண்பாவை உட்குரலின்றிக் கண்ணால் மட்டும் படிக்கச் சொல்வது, வீணையின் நரம்பை அறுத்துவிட்டு மீட்டச் சொல்வது போன்றதே.

ஆயின் மேலோட்டமாகப் பார்ப்பது இழிவானது என்று யாம் கூறவில்லை. நாளிதழில் நமக்கு வேண்டிய செய்தி எது என்று தேடுவதும், நூலகத்தில் ஒரு நூலைக் கையிலெடுத்து உள்ளுறைப் பட்டியலையும் இயல்களின் தொடக்கங்களையும் நோக்கி இது நமக்கு வேண்டுமா என்று முடிவு செய்வதும் பயனுள்ள கலைகள். மேனிலை மாணவர்க்கு இவற்றை வகுப்பில் கற்பிக்கவே வேண்டும். வினாவை முதலில் படித்து, விடை எந்தப் பத்தியில் கிடைக்கும் என்று தேடும் பழக்கம் தேர்விலும் உதவும். அதனைத் தேடல் என்றே மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். தேடியதைப் படித்ததாக அவன் எண்ணிக்கொள்ளும் இடத்தில்தான் தீங்கு புகுகின்றது.

இனி, வேகம் உண்மையில் வளர்வது எங்ஙனம்? மினசோட்டாப் பல்கலைக் கழகத்தின் மைல்ஸ் டிங்கர் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே விடை சொல்லிவிட்டார். தடுமாறும் வாசகனின் கண் தடுமாறுகின்றது. ஆனால் கண்ணின் தடுமாற்றம் விளைவே அன்றிக் காரணமன்று. காய்ச்சல்காரனின் உடல் சுடுகின்றது என்பதற்காக உடலைக் குளிர்நீரில் அமிழ்த்தினால் நோய் தீருமா? சொல்லை இனம் காண்பதில் தாமதம், சொற்பொருள் அறியாமை, பேசப்படும் செய்தி புதியதாக இருத்தல் ஆகிய மூன்றுமே நோயின் வேர். ஒரு கதையைப் பிறர் துணையின்றி விளங்கிக்கொள்ள நூற்றுக்கு 98 சொற்கள் வாசகனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்னும் இருவர் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்போரிடம் செய்த ஆய்வில் 2000-ல் கண்டனர். சிங்கப்பூரில் வீட்டிலும் ஆங்கிலமே பேசி வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர். அவர்கள் தமிழ்ப் பத்தியில் நின்று நின்று செல்வது கண் பழக்கத்தால் அன்று. பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் அவர்களுக்கு அயற்சொல்லாக நிற்பதனால்தான்.

இவ்விடத்தில் அளவுகோல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நிமிடத்திற்கு இத்தனை சொல் என்னும் கணக்கு ஆங்கிலத்திற்குப் பொருந்தலாம். ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஆறு சொற்கள் வேண்டும். 17 மொழிகளில் ஒரே பொருளுடைய பகுதிகளை உரக்கப் படிக்கச் செய்து 2012-ல் வெளியான ஆய்வில், ஆங்கிலம் படித்தோர் நிமிடத்திற்கு 228 சொற்களும், தமிழைப் போலவே ஒட்டுகள் சேர்ந்து சொல் நீளும் பின்னிய மொழியைப் படித்தோர் 161 சொற்களும் படித்தனர். பின்லாந்து மக்கள் மந்தமானவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. அவர்களின் ஒரு சொல்லில் அடங்கிய சரக்கு மிகுதி. ஆங்கில நூலிலுள்ள பட்டியலை எடுத்துவந்து, ‘இந்த வகுப்பு மாணவன் நிமிடத்திற்கு இத்தனை சொல் படிக்க வேண்டும்’ என்று தமிழ்ப் பிள்ளையை அளப்பவர்கள் கெஜக்கோலால் நெல்லை அளக்கின்றனர். இதே வகை எண்ணிக்கை மோகம் வேறு உருவிலும் உண்டு. 1990-களின் இறுதியில் மலேசியப் பள்ளிகளில் புகுந்த நீலாம் வாசிப்புத் திட்டத்தில் மாணவர் படித்த நூல்களின் எண்ணிக்கைக்கேற்பத் தர விருதுகள் வகுக்கப்பட்டன. நோக்கம் நன்று. ஆனால் எண்ணிக்கையைப் பரிசாக்கும்போது பிள்ளைகள் மெல்லிய நூல்களையே நாடுவர் என்பதை ஊகிக்கப் பேரறிவு வேண்டுவதில்லை.

விரைவு வாசிப்பு நூல்கள் முற்றிலும் மறந்துவிட்ட மற்றொரு பொருள் ஏட்டின் அமைப்பு. வாசகனைப் பழக்குவது பற்றி நூறு பக்கம் எழுதுவோர், வாசிக்கப்படும் பக்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. நம் ஓலைச் சுவடிகளை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பட்ட பாட்டில் பெரும்பகுதி படிப்பதிலேயே கழிந்தது. அவருடைய கண்ணை வேகப்படுத்தும் பயிற்சியால் அப்பாடு தீர்ந்திருக்குமா? அவர் செய்த பணி, பின்வந்த நம் எல்லோருடைய வாசிப்பையும் ஒரே வீச்சில் விரைவாக்கிற்று. சொல் பிரித்து, புள்ளியிட்டு, மூலமும் உரையும் வேறுவேறாகத் தெரிய அச்சிட்ட பதிப்பு ஒன்று, எந்தப் பயிற்சி நிலையமும் தர இயலாத வேகத்தைத் தந்தது. மேலை நாட்டிலும் இலத்தீன் ஏடுகளில் சொற்களுக்கிடையே வெளி விடும் வழக்கம் ஏழு, எட்டாம் நூற்றாண்டுகளில் அயர்லாந்துத் துறவியரிடம் வேரூன்றிப் பரவிய பின்னரே மௌன வாசிப்பு எளிதாயிற்று என்று பால் சேங்கர் 1997-ல் விரிவாக எழுதினார்.

எனவே தொடக்கநிலைப் பாடநூல்களில் புணர்ச்சியை எங்கே பிரிப்பது, துணைவினையைச் சேர்த்தெழுதுவதா விட்டெழுதுவதா என்பவை வெறும் இலக்கணச் சச்சரவுகள் அல்ல. ஏழு வயதுப் பிள்ளையின் கண் ஒரு சொல்லில் எத்தனை முறை தங்க வேண்டும் என்பதை அவை முடிவு செய்கின்றன. ‘வந்துகொண்டிருக்கிறதென்றான்’ என்று அடுக்கி அச்சிடுவதற்கும் ‘வந்து கொண்டிருக்கிறது என்றான்’ என்று அச்சிடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து கேட்டவர் அறிவர். மேல் வகுப்புகளில் சேர்த்தெழுதிய வடிவங்களுக்குப் படிப்படியாகப் பழக்கலாம். யாப்பைக் கற்கும் வேளையில் அது தேவையும் ஆகும்.

வகுப்பறையில் செய்யத் தக்கது ஆரவாரமற்ற பழைய வேலை. ஒரே சிறு பகுதியை ஆசிரியர் முதலில் நிறுத்தமும் ஏற்ற இறக்கமும் விளங்கப் படித்துக் காட்டி, மாணவர் அதனையே மூன்று நான்கு முறை உரக்கப் படித்தல். ஜே சாமுவேல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1979-ல் ‘மீள வாசித்தல்’ என்னும் பெயரால் இதனை விளக்கினார். வழிகாட்டுதலோடு கூடிய உரத்த மீள்வாசிப்புப் பயன் தருகின்றது என்று அமெரிக்க நாட்டு வாசிப்புக் குழு 2000-ல் அறிவித்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் இதை அறிக்கை ஏதுமின்றியே செய்தார்கள். அவர்கள் பொருள் சொல்லாமல் ஓத வைத்தது குறையே. அக்குறையை நாம் நீக்கிக்கொள்ளலாம். அதன்பின் தெரியாத சொல் மிகாத எளிய கதைகளை ஏராளமாகத் தர வேண்டும். தரமுயர்ந்த ஒரு நூலைவிட, பிள்ளை தானே விரும்பி முடிக்கும் பத்து எளிய நூல்கள் இந்த ஒரு காரியத்திற்கு மேலானவை.

விரைந்து படித்து முடித்த மாணவன் விளங்கிக்கொண்டானா என்று ஐயம் எழுந்தால் எர்லிக்கின் சோதனையைச் சிறு அளவில் நாமே செய்து பார்க்கலாம். இருபது வரிப் பத்தி ஒன்றைத் தட்டச்சு செய்யும்போது, வேறு பாடத்திலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து அதன் நடுவில் செருகிவிடுங்கள். முன்கூட்டி ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்தெந்தப் பிள்ளை அந்த வரியில் நின்று, திரும்பிச் சென்று, நிமிர்ந்து உங்களை நோக்குகின்றது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.